கண்ணீரை அளந்தவர்

காமர்ஸ் மாணவனுக்குக் கண் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொண்ட என் அக்கா ஒரு வருடமாகச் சொட்டு மருந்தும் கையுமாக இருக்கிறாள். அதனால் தேடிப் படித்தேன்.

1903-இல் ஜெர்மன் டாக்டர் ஓட்டோ ஷிர்மர் ஒரு எளிய சோதனை சொன்னார். கீழ் இமையில் ஒரு தாள் துண்டைச் செருகி, ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. இன்றும் அது வழக்கில் இருக்கிறது!

1990-இல் கிரீட் தீவின் பல்லிகாரிஸ் லாசிக் முறையை வெளியிட்டார். கருவிழியில் மெல்லிய மடல் வெட்டும்போது நரம்புகளும் அறுபடுகின்றன. கண் காய்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை, கண்ணீர் குறைகிறது. பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஆவதில்லை.

2017-இல் வெளியான அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆய்வில், முன்பு வறட்சியே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை மூன்றாம் மாதத்தில் வறட்சி இருப்பதாகச் சொன்னார்கள்.

அக்காவின் ரிப்போர்ட்டில் பார்வை 6/6. ஆபரேஷன் வெற்றிதான்! ஆனால் ஃபேன் காற்றில் அவளால் உட்கார முடியவில்லை. ஏற்கெனவே வறண்ட கண்ணுக்கு ஆபத்து அதிகமாம். அவளுக்கு அந்தத் தாள் சோதனையை யாரும் செய்யவில்லை. லேசருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.