வட்டமும் விலா எலும்பும்

கோலசிலாங்கூர் அறிவிப்புப் பலகைகளில் நாம் காணும் 'டாயேரா' எனும் மலாய்ச் சொல்லுக்கு மாவட்டம் என்பது பொருள். அதன் மூலமான அரபுச் சொல்லோ வட்டத்தைக் குறித்தது.

நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணர்ந்த 'ஜில்லா'வும் அரபுவழிச் சொல்லே. விலா எலும்பு, பக்கம் என்பன அதன் முதற்பொருள். பாரசீகம் வழியாக இந்திய நிருவாகத்தில் புகுந்து மாவட்டமாயிற்று. தொடர்பைச் சுட்டிய மற்றோர் அரபுச் சொல் 'தாலுகா' ஆனது. அத்தாலுகாவுக்குத் தமிழக அரசு இன்று வழங்கும் தமிழ்ப்பெயர் 'வட்டம்' என்பது வியப்பன்றோ!

நல்ல தமிழே எழுதுவோம். ஆயினும் இச்சொற்களின் பொருளை மாணவர்க்கு உணர்த்தாவிடில், தோட்டத்து வீடுகளில் எஞ்சியுள்ள தாத்தா பாட்டியரின் பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயரை அடுத்து நிற்கும் ஜில்லாவும் தாலுகாவும் அவர்களுக்கு வெற்றொலிகளாகும். பூர்வீக ஊரைத் தேடும் வழியும் அடைபடும்.