யாருக்காக? நிஜாமின் பணமும் எழுதப்படாமல் போன ஒரு பெயரும்

தார்நாகாவை ஒட்டி விரிந்து கிடக்கும் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-ஆம் ஆண்டு ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆணையால் தோன்றியது. உயிலும் டிரஸ்ட் ஆவணமும் எழுதக் கற்கும் சட்ட மாணவர்கள் பொதுவாக மாதிரிப் படிவங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். பெயர், தந்தை பெயர், சொத்து விவரம், சாட்சிகள் என்று கோடிட்ட இடங்களை நிரப்புவதே பயிற்சி. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரே, ஆவணம் எழுதுவதில் என்னென்ன நேரலாம் என்பதற்கு எந்தப் பாடநூலும் தர முடியாத சான்றுகளை விட்டுச்சென்றிருக்கிறார். அவற்றுள் ஒன்று பெரும் வழக்கறிஞர்களின் உழைப்பில் உருவான ஆவணம். மற்றொன்றை ஆவணம் என்று அழைப்பதே மிகை. சில வரிகள் கொண்ட ஒரு கடிதம் அது.

கடிதத்திலிருந்து தொடங்குவதே முறை. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படைகள் ஹைதராபாத் சமஸ்தானத்துக்குள் நுழைந்தன. 17-ஆம் நாள் நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். 20-ஆம் நாள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் சமஸ்தானத்தின் கணக்கில் இருந்த 10,07,940 பவுண்டு 9 ஷில்லிங், பிரிட்டனுக்கான பாகிஸ்தானின் முதல் ஹைகமிஷனர் ஹபீப் இப்ராஹிம் ரஹீம்தூலாவின் பெயரிலுள்ள கணக்குக்கு மாறியது. ஹைதராபாத்தின் நிதியமைச்சர் மொயின் நவாஸ் ஜங்கும் லண்டனிலிருந்த சமஸ்தானப் பிரதிநிதி மீர் நவாஸ் ஜங்கும் இந்த ஏற்பாட்டில் பங்குகொண்டவர்கள். பணம் மாறுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு ரஹீம்தூலா ஒரு சுருக்கமான கடிதம் எழுதியிருந்தார். குறிப்பிட்ட தொகையைத் தம் பெயரில் டிரஸ்டாக வைத்திருப்பதாக அதில் ஒப்புக்கொண்டார். யாருடைய நன்மைக்காக, எவ்வளவு காலத்துக்கு, எந்த நிகழ்வின்பேரில் யாரிடம் திருப்பித் தருவது ஆகிய எதுவும் அதில் இல்லை.

சில நாள்களிலேயே நிஜாம் தம் அனுமதியின்றி இது நடந்தது என்று வங்கிக்குத் தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்டார். கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய ஒப்புதல் இன்றித் தர இயலாது என்பது வங்கியின் நிலை. 1954-இல் நிஜாம் வழக்குத் தொடுத்தார். இறையாண்மை கொண்ட ஒரு நாட்டை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்ற விலக்குரிமையைப் பாகிஸ்தான் முன்வைத்தது. 1957-இல் பிரபுக்கள் சபை அதை ஏற்றுக்கொண்டது. பணம் யாருக்குரியது என்ற கேள்விக்கே நீதிமன்றம் செல்லவில்லை. தொகை வங்கியிலேயே உறைந்து நின்றது, வட்டி மட்டும் வளர்ந்தது. 2013-இல் பாகிஸ்தான் தானே வழக்கைத் தொடங்கித் தன் விலக்குரிமையைத் தளர்த்திக்கொண்ட பிறகே விசாரணைக்கு வழி பிறந்தது. 2019 அக்டோபர் 2 அன்று நீதிபதி மார்கஸ் ஸ்மித் தீர்ப்பு வழங்கியபோது தொகை சுமார் 3.5 கோடி பவுண்டாகப் பெருகியிருந்தது.

அந்த விசாரணையில் பாகிஸ்தான் தரப்பு இரண்டு விளக்கங்களை முன்வைத்தது. ஒன்று, ஹைதராபாத்துக்கு ஆயுதம் அனுப்பியதற்கான ஈடு இது என்பது. மற்றொன்று, இந்தியாவின் கைக்கு எட்டாமல் பாதுகாக்கவே பணம் தரப்பட்டது என்பது. இரண்டும் பாகிஸ்தானுக்குப் பணத்தின்மேல் உரிமை தருவதாக நீதிபதி ஏற்கவில்லை. ரஹீம்தூலா வெறும் பொறுப்பாளராகவே பணத்தைப் பெற்றார், அதன் பயனுரிமை நிஜாமிடமே இருந்தது என்று தீர்ப்பு முடிந்தது. ஒருவர் பணம் தருகிறார், யாருக்காக என்று சொல்லவில்லை, கொடையாகவும் தரவில்லை என்றால் அதன் பயன் தந்தவரிடமே திரும்புகிறது என்பது ஆங்கிலேய நியாயமுறைச் சட்டத்தின் பழைய கொள்கை. ஏழு பத்தாண்டுகள் கழித்து, கடிதம் எழுதியவரோ அதற்குக் காரணமானவர்களோ ஒருவரும் உயிருடன் இல்லாத நிலையில், எழுதாமல் விட்ட ஒரு பெயரை நீதிமன்றம் சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து கண்டெடுத்து எழுத வேண்டியிருந்தது.

டிரஸ்ட் என்பதற்குத் தமிழில் நாம் வழங்கும் 'அறக்கட்டளை' என்ற சொல்லும் இங்கே கொஞ்சம் தடம் மாற்றுகிறது. அறம் இல்லாத டிரஸ்டுகளே எண்ணிக்கையில் அதிகம். மகளின் கல்யாணச் செலவுக்காக ஒருவர் தம் தம்பியிடம் பங்குப் பத்திரங்களை ஒப்படைத்தால் அதுவும் டிரஸ்ட்தான். சட்டத்தமிழ் இதைப் 'பொறுப்பாட்சி' என்கிறது. அச்சொல் வழக்கில் ஊன்றவில்லை என்றாலும் பொருளுக்கு நெருக்கமானது. உரிமை ஒருவர் கையில் இருக்கும், பயன் வேறொருவருக்குப் போகும். இவ்விரண்டையும் பிரித்து நிறுத்துவதே ஆவணத்தின் வேலை. 1882-ஆம் ஆண்டின் இந்தியப் பொறுப்பாட்சிச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: உருவாக்குபவரின் நோக்கம், டிரஸ்டின் குறிக்கோள், பயனாளி, சொத்து ஆகிய நான்கும் ஓரளவு உறுதியாகத் தெரிய வேண்டும், சொத்து பொறுப்பாளரிடம் மாற்றப்பட வேண்டும். உருவாக்குபவர் தாமே பொறுப்பாளராக இருந்தாலோ, டிரஸ்ட் உயில் மூலம் அமைந்தாலோ மட்டும் மாற்றம் தேவையில்லை. 1840-இல் இங்கிலாந்தில் நைட் எதிர் நைட் வழக்கில் லாங்டேல் பிரபு வகுத்த 'மூன்று உறுதிப்பாடுகள்' இதன் முன்னோடி. ரஹீம்தூலாவின் கடிதத்தை இந்த அளவுகோலில் வைத்தால், சொத்து தெரிகிறது, நோக்கமும் மங்கலாகத் தெரிகிறது. பயனாளி இல்லை.

இதை எழுதியவர்களின் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வரலாற்று மாணவர் வேறொரு கோணத்தையும் பார்க்க வேண்டும். படைகள் நகர்ந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் பயனாளியின் பெயரை எழுதுவது எவருக்கும் வசதியாக இருந்திருக்காது. நிஜாம் என்று எழுதினால் வெற்றி பெறும் அரசு நிஜாம் வழியே கேட்கும். ஹைதராபாத் அரசு என்று எழுதினால் அந்த அரசு நாளை இருக்குமா என்ற கேள்வி எழும். பாகிஸ்தான் என்று எழுதினால் கொடையாகிவிடும். ஆவணங்களில் காணும் தெளிவின்மை எப்போதும் திறமைக்குறைவால் வருவதன்று. சில வேளைகளில் அது அன்றைய நாளைக் கடத்துவதற்கான உத்தி. அதன் விலையை அடுத்த தலைமுறை செலுத்துகிறது.

இதே நிஜாம் இரண்டே ஆண்டுகளுக்குள், 1950 மே 10 அன்று, நேர்மாறான ஓர் ஆவணத்தை உருவாக்கினார். அப்போது அவர் ஹைதராபாத் மாநிலத்தின் ராஜபிரமுகர், வயது 64. நிஜாம் குடும்ப டிரஸ்ட் என்று அறியப்படும் அதற்கு 9 கோடி ரூபாய் மதிப்புள்ள அரசுக் கடன்பத்திரங்கள் மாற்றப்பட்டன. அத்தொகை கணக்களவில் 175 சம அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. அதாவது ஓர் அலகு சுமார் 5 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய். 5 அலகுகள் சேமநிதிக்கும் மூன்றரை அலகுகள் டிரஸ்டின் நிர்வாகச் செலவுக்கும் ஒதுக்கப்பட்டன. எஞ்சிய நூற்று அறுபத்தாறரை அலகுகள் பட்டியலில் பெயர் குறித்த உறவினர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் எத்தனை அலகு, அவர் ஆயுள்வரை வருமானம் எப்படிச் சேரும், அவருக்குப் பின் அது யாருக்குப் போகும் என்பவை படிப்படியாக எழுதப்பட்டன. பெரிய கூட்டுக்குடும்பத்தில் சொத்தைப் பங்கிடும் எவருக்கும் இந்த 'அலகு' முறை பயன்படும். தொகையைச் சொன்னால் முதலீட்டின் மதிப்பு மாறும்போது ஆவணம் பொய்த்துவிடும், விகிதத்தைச் சொன்னால் பொய்க்காது.

உயில் எழுதாமல் ஏன் டிரஸ்ட்? இங்கே ஊகம் தேவையில்லை, சட்டமே விடை தருகிறது. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க முடியாது. மிஞ்சினால் வாரிசுகளின் இசைவு வேண்டும். ஹனஃபி மரபில், சட்டப்படி பங்கு பெறும் வாரிசு ஒருவருக்கே உயிலால் கூடுதலாகத் தருவதற்கும் ஏனைய வாரிசுகள், அதுவும் அவர் இறந்த பிறகு, ஒப்ப வேண்டும். மரணப் படுக்கையில் தரும் கொடைக்கும் இதே மூன்றில் ஒரு பங்கு வரம்பு உண்டு. மனைவியர், மக்கள், பேரர், அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தோர் என்று நீளும் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தாம் விரும்பும் அளவில் வழங்க நினைக்கும் ஒருவருக்கு, உடல்நலத்தோடு இருக்கும்போதே சொத்தைக் கைமாற்றுவதுதான் வழி. இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வரம்பு இல்லை. அவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மாதிரிப் படிவங்களில் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. எழுதுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'உங்கள் சொத்து என்ன' என்பதன்று, 'உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்' என்பதே.

இவ்வளவு கவனமாக எழுதிய ஆவணமும் வழக்கைத் தவிர்க்கவில்லை. செல்வ வரி அதிகாரிகள், ஆயுள் பயனாளி இறந்தபின் யார் யார் இருப்பார்கள் என்பது இன்று தெரியாது, எனவே பயனாளிகளின் பங்கு உறுதியற்றது என்று வாதிட்டனர். 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு, இன்றும் ஆவணம் எழுதுவோருக்குப் பயன்படும் ஒரு சோதனையை வகுத்தது. பங்கீட்டுக்குரிய நிகழ்வு மதிப்பீட்டு நாளன்றே நிகழ்ந்ததாகக் கொள்ளுங்கள். அன்று யார் யார் பயனாளிகள், யாருக்கு எவ்வளவு என்று ஐயமின்றிச் சொல்ல முடியுமானால் பங்குகள் உறுதியானவையே. நாளை ஒரு குழந்தை பிறக்கலாம், ஒருவர் இறக்கலாம் என்பது அதை மாற்றாது. எழுதி முடித்த எந்த டிரஸ்ட் ஆவணத்தையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம்: 'இன்று மாலை அந்த நிகழ்வு நடந்தால் யாருக்கு எவ்வளவு?' விடை சொல்லத் தடுமாறினால் அந்தப் பிரிவைத் திரும்ப எழுத வேண்டும்.

உயிலின் பக்கம் வந்தால், தமிழ்நாட்டுக்குப் பழகிய சான்று பச்சையப்ப முதலியார். 1794 மார்ச் 22 அன்று அவர் உயில் எழுதினார், 31-ஆம் நாள் மறைந்தார். கோயில் கட்டளைகளுக்கும் தர்மங்களுக்கும் பெருஞ்செல்வம் ஒதுக்கியிருந்தார். நோக்கத்தில் குறையில்லை. நிறைவேற்றும் பொறுப்பு தனியார் கைகளில் சிக்கியதால், பணம் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வாறு மீட்டு, திரண்ட உபரியிலிருந்துதான் 1842 ஜனவரி 1 அன்று சென்னையில் பச்சையப்பன் கல்வி நிலையம் பிறந்தது. பயனாளியைச் சொல்லிவிட்டு, பொறுப்பாளரை யார் கண்காணிப்பார், அவர் இறந்தால் அல்லது தவறினால் அடுத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

சட்டம் எளிய மொழிக்கு எதிரியன்று. வாரிசுரிமைச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, உயிலில் சட்டக் கலைச்சொற்கள் தேவையே இல்லை, எழுதியவரின் எண்ணம் விளங்கினால் போதும் என்கிறது. 89-ஆவது பிரிவு அதன் மறுபக்கம்: பொருள் உறுதியில்லாத உயில் செல்லாது. எவ்வளவு என்று சொல்லாமல் பணம், கோதுமை, எண்ணெய் தருவதாக எழுதுவதும், இணைப்புப் பட்டியலைக் குறிப்பிட்டுவிட்டுப் பட்டியலே இல்லாமல் போவதும் அங்கே காட்டப்படும் உதாரணங்கள். 63-ஆவது பிரிவு இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. சாட்சியோ அவருடைய கணவர் அல்லது மனைவியோ உயிலால் பயன்பெற்றால் உயில் செல்லும், அந்தப் பயன் செல்லாது என்பது 67-ஆவது பிரிவு. எத்தனையோ குடும்பங்களில் அருகில் இருக்கிறார் என்பதற்காக மருமகனைச் சாட்சியாக்கி, மகளுக்கு எழுதிய வீட்டை இழக்கும் நிலை இதனால் வருகிறது. இந்து உயில்களுக்கு இந்த விதி பொருந்துமா என்பதை மட்டும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் எந்தெந்தப் பிரிவுகள் அவற்றுக்கு நீள்கின்றன என்று சொல்கிறது.

லண்டன் பணத்துக்குத் திரும்பினால், அதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நிஜாம் 1963-இல் ஓர் ஆவணத்தின் மூலம் அப்பணத்தில் தமக்குள்ள உரிமையைத் தம் பேரர்கள் முக்கரம் ஜா, முஃபக்கம் ஜா இருவரின் நன்மைக்கென்று டிரஸ்டாக வைத்தார். 1965-இல் அதே பணத்தின் உரிமையை இந்தியக் குடியரசுத் தலைவருக்கு ஒப்படைத்து இன்னோர் ஆவணம் எழுதினார். ஒரே கையெழுத்து, ஒரே சொத்து, இரண்டு திசைகள். 1967 பிப்ரவரி 24 அன்று அவர் மறைந்தபோது எது மேலோங்கும் என்பது தீராமலேயே இருந்தது. இந்திய அரசும் இரண்டு பேரர்களும் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டதால் 2019-இல் நீதிபதி அந்த முடிச்சை அவிழ்க்க நேரவில்லை. தீர்ப்புக்குப் பின், நிஜாமின் ஏனைய வழித்தோன்றல்கள் பலர் தங்களுக்கும் பங்குண்டு என்று லண்டன் நீதிமன்றத்தை அணுகினர். முடிந்துபோன வழக்கைத் திறக்க 2020-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்களுடைய பெயர்கள் 1963-ஆம் ஆண்டு ஆவணத்தில் இல்லை.