ஹென்றி ஆலிங்ஹம்: ஒரு மெக்கானிக்கின் மௌனம்

முதல் உலகப் போரின் வான்படை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் விமானிகளே. செந்நிற விமானத்தில் பறந்த ஜெர்மானியர் ரிக்டோஃபனைப் பற்றி எத்தனையோ நூல்கள் உண்டு. அந்த விமானங்களைப் பழுதுபார்த்துப் பறக்கவிட்டவர்களைப் பற்றி நாம் அறிந்ததோ சொற்பம். அவர்களுள் ஒருவரையேனும் அறிய முடிந்ததென்றால், அவர் 113 ஆண்டுகள் உயிர்வாழ்ந்ததே காரணம்.

ஹென்றி ஆலிங்ஹம் 1896 ஜூன் 6 அன்று லண்டனில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையைக் காசநோய் கொண்டுபோயிற்று. 1914-இல் போர் மூண்டதும் படையில் சேரத் துடித்த மகனைத் தாய் தடுத்தார், மகனும் பணிந்தார். மறுஆண்டு தாய் மறைந்தபின்னரே பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். நாடே கொடிபிடித்து ஆர்ப்பரித்த அந்நாளில் தாய்சொல்லுக்காக வீட்டிலிருப்பது எளிதாக இருந்திராது.

மரச்சட்டம், அதன்மேல் போர்த்திய துணி, விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பிகள்: அக்கால விமானம் ஏறக்குறைய இவ்வளவே. பல விமானங்களில் எஞ்சினே விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்கு இட்டது ஆமணக்கெண்ணெய்; ஆம், நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே விளக்கெண்ணெய்! அது புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் தெறிக்கும். பிரிட்டிஷ் விமானிகளுக்கோ அன்று பாராசூட் கிடையாது. ஒரு கம்பி தளர்ந்திருந்தால், ஒரு திருகாணி இறுகாதிருந்தால், மேலே சென்றவன் திரும்புவது அரிது. காலையில் தாம் அனுப்பிய விமானம் மாலையில் வராதபோது, தவறு எதிரியுடையதா தம்முடையதா என்று எண்ணாத மெக்கானிக் இருந்திருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1916 மே 31 அன்று தொடங்கிய ஜட்லாண்ட் கடற்போரில் ஏறத்தாழ 250 கப்பல்கள் மோதின. இருதரப்பிலும் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடல்விமானம் ஒன்றைச் சுமந்த 'கிங்ஃபிஷர்' என்னும் சிறு கப்பலில் ஆலிங்ஹம் இருந்தார். 1917-இல் பெல்ஜிய, பிரெஞ்சுப் போர்முனைக்குச் சென்றவருக்கு, நொறுங்கிவீழ்ந்த விமானங்களிலிருந்து உதவும் பாகங்களை மீட்பதும் வேலையாயிற்று. ஓர் இரவு குண்டு தோண்டிய பள்ளத்தில் தவறி வீழ்ந்தார். அழுகிய உடல்களும் எலிகளும் மிதந்த நீரில் கிடந்து, தட்டுத்தடுமாறி ஊர்ந்து வெளியேறினார்.

1918-இல் டோரதியை மணந்தார். இரண்டு பெண்மக்கள். ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தில் நெடுங்காலம் உழைத்தார். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரின் காந்தக் கண்ணிவெடிகளை முறியடிக்கும் பணியில் அதே கைகள் உதவின. 1970-இல் மனைவி மறையும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இல்லறம். அந்த இல்லத்திற்குள் அவர் போரை மட்டும் நுழையவிடவில்லை. குடும்பத்தாரிடம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. இதை வெறும் கூச்சமென்று நாம் கொள்வதற்கில்லை. அந்தப் பள்ளத்தின் நாற்றத்தைக் குழந்தைகள் உறங்கும் வீட்டிற்குள் எவர்தான் கொண்டுவருவார்?

மகள்களும் அவருக்கு முன்பே மறைந்தனர். நூறு வயதைக் கடந்தபின், முதல் உலகப் போர் வீரர்களுக்கான சங்கத்தைச் சேர்ந்த டென்னிஸ் குட்வின் என்பவரின் தூண்டுதலால் முதியவர் மெல்ல வாய்திறந்தார். அதன்பின் பள்ளிகளுக்குச் சென்று சிறுவர்களிடம் பேசினார். சொந்தப் பிள்ளைகளிடம் சொல்லாததை யாருடைய பிள்ளைகளிடமோ சொன்னார். 2006-இல் ஜெர்மனியின் விட்டன் நகருக்குச் சென்று, அன்று எதிரணியில் நின்ற 109 வயது ராபர்ட் மையரைச் சந்தித்துக் கைகுலுக்கினார்.

2008 நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்த 90-ஆம் ஆண்டு நினைவில், லண்டன் நினைவுத்தூணின் முன் மூவர் சக்கர நாற்காலிகளில் வந்தனர்: தரைப்படைக்கு ஹாரி பேட்ச், கடற்படைக்கு பில் ஸ்டோன், வான்படைக்கு ஆலிங்ஹம். 2009 ஜனவரியில் ஸ்டோன் மறைந்தார். ஜூலை 18 அன்று ஆலிங்ஹம் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். ஜூலை 30 அன்று பிரைட்டனில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தபோது, பேட்ச்சும் மறைந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன.