தாழிக்குள் இன்னொரு வெளிச்சம்

1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் அகழாய்வு செய்தார். கிடைத்தவற்றின் பட்டியல் 1915இல் அச்சானது. நடுவே, 1910இல், அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நிலக்காட்சிகளை வெளியிட்டார். வானம் கறுத்து, மரங்கள் பனி மூடியதுபோல வெளுத்திருந்த கருப்பு வெள்ளைப் படங்கள். சம்பந்தமில்லாத இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வைப்பது ஒரு தாழி.

2004இல் டி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அங்கே தோண்டியது. ஒரு தாழியின் உட்புறத்தில் தமிழ் பிராமியின் தொடக்கநிலை எழுத்துகள் மங்கலாகத் தெரிவதாகச் செய்தி வந்தது. வாசித்துச் சொன்னவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. கண்ணால் பார்த்துத் தீராத சண்டை இது. சரி, கண்ணை மாற்றினால்?

டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சார் சுமார் 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். நம் கண் 700 சொச்சத்தோடு நின்றுவிடும். டிவி ரிமோட்டின் பட்டனை அழுத்தி மொபைல் கேமரா முன் காட்டுங்கள். பல மொபைல்களில் நுனி மினுக்கும். நிறம் கெடக்கூடாதென்று சென்சார் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள். அதை நீக்கலாம். அல்லது லென்ஸில் 720 நானோமீட்டர் ஃபில்டர் மாட்டி, ட்ரைபாடில் வைத்து, கசிகிற கொஞ்ச வெளிச்சத்துக்காகப் பல நொடிகள் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். படம் ஒரே சிவப்பாக வரும். அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கேமராவுக்குத் தாமிரபரணி கறுப்பு, கரையோர வாழைத்தோட்டம் வெள்ளை. இலை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது, தண்ணீர் விழுங்கிக்கொள்கிறது. பானையில் விஷயம் இன்னும் சுவாரசியம். கரியால் எழுதியது கறுப்பாகவே நிற்கும். சுற்றியுள்ள சிவப்பு மண் வெளிறும். எழுத்து தூக்கித் தெரியும். காவியால் எழுதியிருந்தால் நேர்மாறு, எழுத்தே மறைந்துபோகலாம். கீறல் என்றால் இந்த வித்தை உதவாது. பக்கவாட்டில் சாய்த்து அடிக்கிற ஒரு டார்ச் போதும்.

இதற்கு முன்னுதாரணம் இஸ்ரேலின் அராதில் இருக்கிறது. சுமார் 2600 ஆண்டு பழைய ஓட்டுச்சில் ஒன்று 1965இல் கிடைத்தது. முன்பக்கம் மையெழுத்து, பின்பக்கம் வெறுமை என்றே அரை நூற்றாண்டு நம்பினார்கள். அகச்சிவப்பையும் சேர்த்துப் பல அலைநீளங்களில் படமெடுத்தபோது பின்பக்கத்திலும் எழுத்து தெரிந்தது. 2017இல் வெளியிட்டார்கள். உள்ளே பெரிய ரகசியம் எதுவுமில்லை: திராட்சை மது இருந்தால் அனுப்பு என்கிற வேண்டுகோள்!

எழுத்து இருந்தே ஆக வேண்டும் என்கிற ஆசை நமக்கு அதிகம். ஆனால் கரி எது, இரும்பு எது என்று பிரித்துக் காட்டுவது மட்டும்தான் கேமராவின் வேலை. கோடு எழுத்தா கறையா என்பதைக் கல்வெட்டு அறிஞர்தான் சொல்ல வேண்டும். அவர் கையில் நல்ல படம் இருக்க வேண்டும், அவ்வளவே. எல்இடி விளக்கில் அகச்சிவப்பு அநேகமாகக் கிடையாது. ஒரு ஹாலஜன் விளக்கு வேண்டும். மண்ணிலிருந்து வந்ததும், கழுவுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. மை மங்குவதற்கு நம் விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தெரியாது.