கோடை முகாமும் பாய்மரப் படகும்



கடலூரும் பரங்கிப்பேட்டையும் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன துறைமுகங்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பாய்மரக் கப்பல்களில் போரிட்டது நம் கடலூர்க் கடலில்தான். நீராவிக் கப்பல் வந்தபின் பாய் மெல்ல விளையாட்டுக்குப் போனது. 1911இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தில் யாட் கிளப் தொடங்கினார். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது எட்டாத விளையாட்டு.

அதைப் பிள்ளைகளிடம் கொண்டு வந்தவை கோடை முகாம்கள். 'ஆப்டிமிஸ்ட்' என்னும் சிறுவர் படகு எட்டு அடிகூட இருக்காது. கவிழ்ந்தால் நிமிர்த்துவதுதான் முதல் பாடங்களில் ஒன்று. கவிழ்ந்தவனைப் பார்த்துச் சிரித்தவன் அடுத்து தானும் கவிழ்வான். மதியம் சாப்பாட்டுக்குக் கரையேறும்போது இருவரும் நண்பர்கள்.

2009இல் தமிழ்நாட்டுப் பாய்மரப் படகுச் சங்கத்தின் முகாமில் இப்படித் தொடங்கியவர்தான் சென்னையின் நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோவுக்குப் பின் 2024இல் பாரிசுக்கும் சென்றார்.

சுனாமிக்குப் பின் நம் ஊர்களில் பிள்ளைகளைக் கடல் பக்கம் விடவே பயம். பயம் நியாயமே. ஆனால் உயிர்காப்பு உடையும் நல்ல பயிற்சியாளரும் இருந்தால் பேரப்பிள்ளைகளை ஒரு கோடையாவது அனுப்புங்கள். பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்து வந்தால் மட்டும் போதாது, ஓட்டவும் தெரியட்டும்.