வண்ணார்பண்ணையிலிருந்து மருதானைக்கு

1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1892இல் அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோரின் முயற்சியால் மருதானையில் ஸாஹிரா தோன்றியது. இரண்டின் பின்னாலும் இருந்த அச்சம் ஒன்றுதான். மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படிக்கப்போன பிள்ளை, தன் மார்க்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுமோ என்ற அச்சம். எமது சமூகப் பாடசாலைகள் காவலுக்கு எழுந்த மதில்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மதில்களுக்கு வாசல் இருந்தது.

அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய அந்தப் பிள்ளை பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தது. பெயரிலேயே சமயத்தைத் தாங்கிய ஒரு கல்லூரி, முஸ்லிம் பிள்ளை ஒன்றுக்குத் தன் வாங்கில் இடம் கொடுத்தது. அந்தப் பிள்ளையும் முஸ்லிமாகவே வெளியே வந்தது. 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். பிற்காலத்தில் ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற நூலை எழுதியவரும் அவரே. சைவச் சூழலில் படித்ததால் ஈமான் தேய்ந்துவிடும் என்போர் அவருடைய வாழ்வை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

1948இல் ஸாஹிராவின் அதிபர் பதவியை ஏற்ற அஸீஸ் 1961 வரை அங்கிருந்தார். அக்காலத்தில் ஸாஹிராவில் தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தனர். கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் மாணவனுக்குத் திறந்த வாசலை, ஸாஹிரா ஒரு சைவ மாணவனுக்குத் திறந்தது. சர்வமத உரையாடல் என்ற சொல்லை அன்று யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். ஒரே வாங்கில் இருப்பவனிடம் பென்சில் கேட்பதற்குச் செயலமர்வு தேவையா?

1960-61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1970களில் பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராக இருந்தபோது முஸ்லிம் பாடசாலைகளும் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. இதைக் குறை சொல்ல என்னால் முடியாது. எமது பெண்பிள்ளைகள் ஊருக்குள்ளேயே படிக்க முடிந்தது அதனால்தான். எனக்குத் தொழில் கிடைத்ததும் அதனால்தான். ஆயினும் ஒரே மொழி பேசும் பிள்ளைகள் இரு பாடசாலைகளுக்குப் பிரிந்ததும் அந்த வழியில்தான். பிறகு 1990 வந்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் இரத்தம் சிந்தியது, வீரமுனையிலும் சிந்தியது. ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அஸீஸ் பிறந்த மண்ணில் முஸ்லிம் பிள்ளை ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்று எமது ஊர்ப் பாடசாலைக்கும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைக்கும் இடையில் ஒரு வீதிதான். விடுமுறைகூட ஒத்துவருவதில்லை. நோன்புக் காலத்தில் நாங்கள் பூட்டியிருக்க அவர்கள் திறந்திருப்பார்கள். எமது பிள்ளைகள் இஸ்லாம் பாடநூலையும் அவர்கள் சைவநெறியையும் படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். மற்றவர் நூலின் அட்டையையும் பார்த்திருக்க மாட்டார்கள். கந்தசஷ்டி பற்றிப் பேச்சு வந்த ஒருநாள், “அவங்களும் நோன்பு பிடிக்கிறவங்களா சேர்?” என்று பத்தாம் தரப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது. அதன் வீட்டுக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் கோயில் கோபுரம் தெரியும்.

2018இல் திருகோணமலையில் இந்து மகளிர் கல்லூரி ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பெரும் பிரச்சினையானது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் சந்தேகப் பார்வை இன்னும் கூர்மையடைந்தது. இவற்றுக்குப் பதிலாக நடப்பவை பெரும்பாலும் ஒருநாள் நல்லிணக்க நிகழ்ச்சிகளே: பஸ், பகலுணவு, சான்றிதழ், குழுப்படம். பிள்ளைகள் தத்தம் கூட்டாளிகளோடு போய்த் தத்தம் கூட்டாளிகளோடேயே திரும்புகிறார்கள். அயல் பாடசாலை இரண்டும் வாரம் ஒரு பாடத்தையாவது, கணிதமோ சித்திரமோ, ஒரே வகுப்பில் நடத்தினால் அதைவிடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

1950களிலும் 60களிலும் மற்றவர் பாடசாலையில் படித்தவர்கள் எமது ஊர்களில் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். தேவாரம் பாடும் நேரத்தில் அந்த முஸ்லிம் பிள்ளை எங்கே நின்றது, ஜும்ஆவுக்கு யார் அனுமதி கொடுத்தார், பகல் சோற்றை யாரோடு பகிர்ந்தது என்பதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவர்களுக்கு எண்பது வயது நெருங்குகிறது, சிலருக்குக் கடந்தும் விட்டது. எமது எழுத்தாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தத் திண்ணைகளுக்குப் போகவேண்டிய காலம் இது.