சபைக்குக் கணக்குக் கொடுத்த ஆயர்



வட ஆபிரிக்காவிலே, இன்றைய துனீசியா நாட்டின் தலைநகருக்கு அணித்தாய்க் கடற்கரையோரத்தில் கார்த்தேஜ் என்னும் பழம்பதியின் இடிபாடுகள் கிடக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டில் அது உரோமப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. அந்நகரின் கிறிஸ்தவ சபைக்கு 248ஆம் ஆண்டளவில் சிப்பிரியான் என்பவர் ஆயராயினார். நம் நாட்டில் மேற்றிராணியார் என்றும் அத்தியட்சர் என்றும் வழங்கும் பதவியே அது. அவர் செல்வர், நாவன்மை மிக்கவர், ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டே கழிந்தவர். மூத்த குருமாருட் சிலர் அவரை விரும்பிலர். பொதுமக்களின் விருப்பமே அவரை அவ்வாசனத்தில் அமர்த்தியது.

அவர் எழுதியனவும் அவருக்கு வந்தனவுமாக எண்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், குருமாரின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தம் எண்ணப்படி எதனையும் செய்வதில்லை எனப் பதவியேற்ற நாள்தொட்டே உறுதி பூண்டதாகக் கூறுகின்றார். சொல்லுதல் யார்க்கும் எளிதுதானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆகவே அவருடைய செய்கைகளை நோக்குவோம். ஆலயத்தில் வேதம் வாசிக்கும் சிறு பணிக்கு ஓர் இளைஞனை ஒருமுறை சபையைக் கேளாமலே நியமித்தார். உடனே, வழமையாக உங்களைக் கலந்தே செய்வேன், இம்முறை செய்யாமைக்குக் காரணம் இது எனச் சபையாருக்கு விளக்கம் எழுதினார். ஒரு வாசகருடைய நியமனத்துக்கே இத்துணை விளக்கம்!

250ஆம் ஆண்டிலே பெருஞ்சோதனை வந்தது. உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றுச் சீட்டும் பெறுதல் வேண்டும் எனத் தேசியஸ் பேரரசன் கட்டளையிட்டான். உரோமாபுரி ஆயர் பபியான் உயிர் துறந்தார். சிப்பிரியானோ நகரைவிட்டு மறைந்து வாழ்ந்தார். மந்தையைக் கைவிட்டோடிய கூலி மேய்ப்பன் இவர்தாமோ என்னும் குறிப்புத் தொனிக்க உரோமக் குருமாரிடமிருந்து கார்த்தேஜுக்கு ஓலை வந்தது. அதிகாரத்தில் இருப்போர் இத்தகைய வேளையில் சீறுவதே உலக இயல்பு. சிப்பிரியான் தாம் விலகிய காரணத்தை எடுத்துரைத்ததோடு, மறைவிலிருந்து தம் சபைக்கு விடுத்த 13 கடிதங்களின் படிகளையும் உரோமாபுரிக்கு அனுப்பிவைத்தார். படித்துப் பார்த்து நீங்களே தீர்ப்பிடுங்கள் என்பதுதானே இதன் பொருள்? அவர் விலகியது சரியா என்பது பற்றி அன்றும் இரு கருத்திருந்தது, இன்றும் இருக்கலாம். வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர் தாம் என்பதை மட்டும் அவர் மறுத்தாரல்லர்.

பணவிடயத்திலும் அவ்வாறே. நுமீதியா நாட்டிலே கள்வர் கைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்கெனக் கார்த்தேஜ் சபையில் ஓர் இலட்சம் செஸ்தர்ஸ் நாணயம் திரண்டது. அதனை அந்நாட்டு ஆயர்களுக்கு அனுப்பியபோது, கொடுத்தோர் பெயர்களையும் கடிதத்துடன் இணைத்தார். அவர்களை மன்றாட்டில் நினைக்கும்படியே அவர் கேட்டார் எனினும், பட்டியல் பட்டியலே. பணம் எங்கிருந்து வந்தது என்பது வெளிச்சமாயிற்று.

எல்லாவற்றினும் முக்கியமானது ஸ்பானிய நாட்டு வழக்கு. அங்கே பசிலிதேஸ், மார்சியாலிஸ் என்னும் ஆயர் இருவர் கலகக் காலத்தில் சான்றுச் சீட்டுப் பெற்றவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுப் பதவியிழந்தனர். பசிலிதேஸ் முதலிலே தம் பிழையை உணர்ந்து தாமாகவே விலகியவர். பின்னர் மனம் மாறி உரோமாபுரி சென்று, பாப்பரசர் ஸ்தேவானிடம் உண்மையை மறைத்துப் பதவியை மீளப்பெற முயன்றார். இழந்த ஆசனத்தின் மீது ஆசை எளிதில் அவிவதில்லைப் போலும். ஸ்பானியச் சபையார் கார்த்தேஜை நாடினர். 254ஆம் ஆண்டளவில் சிப்பிரியானும் ஏனைய ஆயர்களுமாக 37 பேர் கூடி, அச்சபையார் பக்கமே நியாயம் என்றனர். தகுந்தவரைத் தெரியவும் தகாதவரை மறுக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. ஒருவரின் நடத்தையை அருகிருந்து கண்டவர் அவர்களே ஆதலின், தெரிவு அவர்கள் முன்னிலையில் நிகழல்வேண்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. ஆயர்களே கூடி ஆயர்களைக் கட்டுப்படுத்தும் விதியை உரைத்தமை கவனிக்கத்தக்கது.

இவரை மென்மையே உருவானவர் என்று நான் வருணிக்கமாட்டேன். எதிர்த்த குருமாரைக் கடுஞ்சொல்லால் தாக்கியிருக்கின்றார். ஆயர் பதவியின் உயர்வை அவரினும் வலியுறுத்தியோர் அக்காலத்தில் அரியர். பதவியை அத்துணை உயர்வாய்க் கருதியமையாலேயே, அதனைத் தம் சொந்தச் சொத்தாக அவர் கருதினாரல்லர் என்பது என் துணிபு.

258ஆம் ஆண்டில், வலேரியன் பேரரசன் காலத்துக் கலகத்தில் அவருடைய முறை வந்தது. உத்திக்கா நகரிலிருந்த ஆளுநரிடம் அவரைக் கொண்டுசெல்ல வீரர் வருகின்றனர் எனக் கேள்வியுற்று, அவர் மீண்டும் மறைந்தார். இம்முறையும் மக்களுக்குக் காரணம் எழுதினார்: ஆயர் ஒருவர் தாம் ஆளும் சபையிருக்கும் நகரிலேயே, தம் மக்கள் நடுவே சாட்சி பகர்தல் முறை, ஆளுநர் கார்த்தேஜுக்கு மீளும்வரை காத்திருக்கின்றேன் என்று. ஆளுநர் மீண்டார், சிப்பிரியானும் வந்தார். அவரைக் காவலில் வைத்த வீட்டின் வெளியே சபையார் இரவெல்லாம் விழித்திருந்தனர். மறுநாள், செத்தெம்பர் 14ஆந் திகதி, அவர்கள் கண்முன்னே அவர் தலை வெட்டுண்டது. வெட்டுபவனுக்கு 25 பொற்காசு கொடுக்குமாறு அவர் தம்மவரிடம் சொல்லியிருந்தார்.